இரண்டு வயதுக் குழந்தையோடு தீம் பார்க்: அவள் கடிகாரப்படி ஒரு நாள்

மகளுக்கு இரண்டு வயது மூன்று மாதம், முதல் முறையாகத் தீம் பார்க் அழைத்துப் போகலாமா, எதிலெல்லாம் ஏற்றலாம், தள்ளுவண்டி தேவையா, கூட வரும் நாங்களும் ஏதாவது ஏற வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அவளுக்கு நினைவிலேயே இருக்காது, வீண் செலவு என்று வீட்டில் சொல்கிறார்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் சில ஆண்டுகள் ஒரு தீம் பார்க்கின் குழந்தைகள் பகுதியில் சவாரி இயக்கும் வேலை பார்த்தேன். அப்புறம் என் இரண்டு பிள்ளைகளையும் இதே வயதில் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

தாராளமாகப் போகலாம். நினைவில் இருக்காது என்பது உண்மைதான். பெரியவர்களிடம் உங்கள் முதல் நினைவு எது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதைச் சுற்றித்தான் சொல்வார்கள். அதற்கு முந்தையது அழிந்துபோகிறது. ஆனால் நினைவில் நிற்காத சந்தோஷமும் சந்தோஷம்தானே. தாலாட்டை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை, அதற்காகப் பாடாமல் இருக்கிறோமா? போய்வந்த பிறகு பல நாள் ‘குதிரை சுத்துச்சு’ என்று அவள் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு அதுவே போதும்.

அந்த நாளைக் கெடுப்பது வேறு ஒன்று: கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம். மதியம் மூன்று மணிக்கு என் சவாரி வாசலில் தினமும் பார்த்த காட்சி அது. தூக்கம் கண்ணைச் சொருகும் குழந்தை, வெயிலில் சிவந்த கன்னம், ‘இதையும் ஒரு தடவை ஏறிடு கண்ணா’ என்று கெஞ்சும் அப்பா. குழந்தை வீறிட்டு அழும். அவள் அடம்பிடிக்கிறாள் என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அவள் உடம்பு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போதும் என்று சொல்லிவிட்டது. இந்த வயதில் குழந்தையின் கொள்ளளவு மூன்று நான்கு மணி நேரம், அதற்குள் நாலைந்து சவாரி, அவ்வளவுதான். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு கிளம்பினால் பாதி வேலை முடிந்தது. டிக்கெட் எடுக்கும் முன் வயது வரம்பைப் பாருங்கள். டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் மூன்று வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. டோக்கியோ டிஸ்னிலாந்தில் நான்கு வயதிலிருந்துதான் டிக்கெட். சில இடங்களில் வயதை விட்டு உயரத்தை அளப்பார்கள்.

உயரம் என்று வந்துவிட்டதால் அதையே முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அதிகம் ஏமாற்றம் வருவது இங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 86 சென்டிமீட்டர், மூன்று வயதில் 95. பெரிய பூங்காக்களில் ஓரளவு வேகமான சவாரிகள் 102 சென்டிமீட்டரில் ஆரம்பித்து 112, 122 என்று போகும். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் ‘செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின்’ பார்ப்பதற்குச் சின்னப் பிள்ளைகளுக்கானது போலவே இருக்கும். அதற்கே 97 சென்டிமீட்டர் வேண்டும். உங்கள் மகள் 102-ஐத் தொட நான்கு வயதாவது ஆகிவிடும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் சுவரோரம் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்துவிடுங்கள். பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உயர வரம்பு போட்டிருப்பார்கள். அரை மணி நேரம் க்யூவில் நின்று, வாசலில் அளவுகோலுக்கு முன் நிறுத்தி, ‘முடியாதும்மா’ என்று நான் திருப்பி அனுப்பிய முகங்கள் இன்னமும் கண்ணில் நிற்கின்றன.

செருப்புக்குள் காகிதம் மடித்து வைத்துக் கூட்டிவருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், நுனிக்காலில் நில் என்று காதில் சொல்லித் தருகிறவர்களையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மடியை அழுத்தும் கம்பியோ தோள்மேல் இறங்கும் பட்டையோ ஒரு குறைந்தபட்ச உடலளவுக்காக வடிவமைக்கப்பட்டது. அதற்கும் சிறிய உடம்பு அந்தக் கம்பிக்கு அடியில் நழுவி வெளியே வர முடியும். அதோடு இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை இன்னும் வலுப்படவில்லை. திடீர்த் திருப்பத்தில் அந்தத் தலையைத் தாங்க அவளால் முடியாது. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லாத பெற்றோர் இல்லை. வண்டி வேகமெடுத்துத் திரும்பும்போது கைப்பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் போதாது.

சரி, எதில் ஏற்றலாம்? குடைராட்டினம், மெதுவாகப் போகும் குட்டி ரயில், படகில் உட்கார்ந்து பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே போகும் சவாரி, யானை மாதிரியோ விமானம் மாதிரியோ பெட்டிகள் மேலும் கீழும் ஏறியிறங்கும் சுற்று. பெரும்பாலும் இவற்றுக்கு உயர வரம்பு இருக்காது, பெரியவர் பக்கத்தில் உட்காரலாம். முதலில் குடைராட்டினத்தில் ஆரம்பியுங்கள். ஏறுவதற்கு முன் ஒரு சுற்று வெளியே நின்று பார்க்க விடுங்கள். எங்கே போகிறது, திரும்ப எங்கே வந்து நிற்கிறது என்று குழந்தைகள் கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். பார்த்துவிட்டு ஏறுகிற குழந்தை அழுவது குறைவு. குதிரை மேலே ஏறி இறங்குவது பயமாக இருந்தால், அசையாத பெஞ்சு இருக்கைகளும் அதிலேயே இருக்கும். குதிரையில் உட்கார வைத்தால் பட்டையை மாட்டிவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று இடுப்பைச் சுற்றிக் கை வைத்துக்கொள்ளுங்கள்.

கிறுகிறுவெனச் சுற்றும் கோப்பைச் சவாரி அவளுக்கு ஆகுமா என்று பயப்பட வேண்டாம். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குச் சுற்றலால் குமட்டல் வருவது அரிது. அது பெரும்பாலும் பள்ளி வயதில்தான் உச்சத்துக்குப் போகிறது. தலைசுற்றி உட்காரப்போவது நீங்களாக இருக்கலாம், அதனால் குழந்தையை இறக்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவர் யார் என்று யோசித்து ஏறுங்கள். இருட்டுக்குள் போகும் சவாரிகளில் மட்டும் கவனமாக இருங்கள். பெயரும் படமும் அழகாக இருக்கும், உள்ளே போனதும் இடியும் சூனியக்காரியும் வருவார்கள். பாதியில் நிறுத்தி இறங்க முடியாது. பெரியவர் ஒருவர் முதலில் தனியே போய்ப் பார்த்துவந்தால் நல்லது.

நீங்கள் பெரிய சவாரி ஏற ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பெரிய பூங்காக்கள் பலவற்றில் மாற்றி ஏறும் ஏற்பாடு உண்டு. டிஸ்னியில் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்பார்கள், யுனிவர்சல் பூங்காக்களில் ‘சைல்ட் ஸ்வாப்’. ஒருவர் வரிசையில் நின்று ஏறிவரும்வரை இன்னொருவர் குழந்தையோடு இருப்பார். அவர் வந்ததும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் போய் ஏறலாம். வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் குழந்தையைக் காட்டி முன்கூட்டியே கேட்க வேண்டும். உள்ளே போன பிறகு கேட்டால் எங்களால் உதவ முடியாமல் போய்விடும். இதில் ஒரு வேண்டுகோள்: காத்திருப்பவரின் நேரத்தையும் குழந்தைக்கு நல்ல நேரமாக ஆக்குங்கள். பக்கத்தில் விளையாட்டுத் திடலோ வாத்துக் குளமோ இருக்கும் சவாரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தான் ஏற முடியாததன் வாசலில் நாற்பது நிமிடம் நிற்பது அவளுக்குத் தண்டனை.

வால்ட் டிஸ்னிக்குத் தன் பூங்காவின் யோசனை பிறந்ததே பெஞ்சில் காத்திருந்தபோதுதான். லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் குடைராட்டினத்தில் சுற்ற, அவர் வெறுமனே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கே தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955-ல் டிஸ்னிலாந்து திறந்தது. இரண்டு வயதுக் குழந்தையோடு போகிறவர்கள் அந்தச் ‘சேர்ந்து’ என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். பெரிய சவாரி ஒன்றோ இரண்டோ போதும், மீதி நேரம் அவள் பக்கத்தில்.

இனி நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை, மூன்று வயதிலும் 10 முதல் 13. பகல் தூக்கத்தைத் தவிர்க்கும் நாளாக இதை ஆக்காதீர்கள். என் அனுபவத்தில் இரண்டு திட்டங்கள்தான் சரிவரும். ஒன்று, வாசல் திறக்கும்போதே உள்ளே போய், வரிசை நீளாத முதல் இரண்டு மணி நேரத்தில் அவளுக்குப் பிடித்ததை முடித்து, சாப்பிட வைத்து, மதியத் தூக்கத்துக்கு முன் வெளியேறிவிடுவது. மற்றொன்று, பக்கத்திலேயே தங்கியிருந்தால் மதியம் அறைக்குப் போய்த் தூங்க வைத்து மாலை திரும்ப வருவது. கையில் முத்திரை வாங்காமல் வெளியே போய்விடாதீர்கள், மறுபடி உள்ளே விடும் விதி என்ன என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் தூங்கட்டும் என்று நம்பிப் போவது சில குழந்தைகளுக்குத்தான் ஒத்துவரும். சத்தத்தில் தூங்காத குழந்தை என்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.

வரிசையைப் பற்றி ஒரு சொல். பதினைந்து நிமிடத்துக்கு மேல் காட்டும் வரிசையில் இந்த வயதுக் குழந்தையோடு நிற்காதீர்கள். அவளுக்கு ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. இறங்கியதும் ‘இன்னொரு தடவை’ என்றால், வரிசை இல்லாவிட்டால் அதிலேயே மறுபடி ஏற்றுங்கள். ஒரே ரயிலில் ஆறு தடவை போன குழந்தைகளை எனக்குத் தெரியும், ஆறாவது தடவையும் அதே சிரிப்பு. புதிதாக வேறொன்று காட்ட வேண்டும் என்பது நம் அவசரம்.

தள்ளுவண்டி கட்டாயம் தேவை, வீட்டில் அவள் நடந்தே சுற்றுகிறவளாக இருந்தாலும். பூங்காவில் நடக்கும் தூரத்துக்குப் பெரியவர்களுக்கே கால் வலிக்கும். சிறிதாக மடங்கும் வண்டி போதும். அளவுக்கும் வரம்பு உண்டு. டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் 79 சென்டிமீட்டர் அகலம், 132 சென்டிமீட்டர் நீளத்துக்குமேல் அனுமதி இல்லை, இழுத்துச் செல்லும் வேகன் வண்டிகளும் கூடாது. சவாரிக்கு வெளியே நூறு வண்டிகள் நிற்கும், எல்லாம் ஒரே கறுப்பு. கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். ஊழியர்கள் வண்டிகளை ஒழுங்குபடுத்த இடம் மாற்றுவார்கள், விட்ட இடத்தில் இல்லையென்றால் பதற வேண்டாம், பக்கத்தில் தேடுங்கள். பணம், கைபேசி, மருந்து எதையும் அதில் விட்டுப் போகாதீர்கள்.

வெயிலுக்காகத் தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்துவது நிறையப் பேர் செய்யும் தவறு. நிழல் கிடைக்கிறது என்று தோன்றும், ஆனால் காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். வண்டியோடு வரும் கூரையே போதும், கூடுதலாக ஒரு பக்கம் திறந்திருக்கும்படி குடை மாட்டலாம். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும், தாகத்தைச் சொல்லவும் தெரியாது. கேட்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் கொடுங்கள். வழக்கமாக நனையும் நேரத்தில் டயப்பர் காய்ந்தே இருந்தால் நிழலுக்குப் போங்கள். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வெயிலில் கிடக்கும் உலோக, ரப்பர் இருக்கைகளை உங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

எல்லாத் தீம் பார்க்கிலும் மணக்கும் பாப்கார்ன் நான்கு வயதுக்குள்ளான குழந்தைக்கு வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் பண்டங்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. கொட்டைகள், கெட்டி மிட்டாய், முழுத் திராட்சை, வட்டமாக நறுக்கிய சாஸேஜ் எல்லாமே அப்படித்தான். திராட்சை தர வேண்டுமென்றால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஓடும்போதும் சவாரியிலும் வாயில் எதுவும் இருக்கக் கூடாது. ரப்பர் பலூனும் ஆபத்துதான், உடைந்த துண்டை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. படலம் போன்ற பளபள பலூன் வாங்கிக் கொடுங்கள்.

சத்தத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஊர்வலத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றாலோ, வாணவேடிக்கையின்போதோ, அவளது சின்னக் காதுக்குள் சத்தம் நமக்குக் கேட்பதைவிடக் கூடுதலாக அழுத்தும். காதுக்குள் செருகும் அடைப்பு இந்த வயதுக்கு வேண்டாம், கழற்றி வாயில் போட்டுக்கொள்வாள். தலைமேல் மாட்டும் காதுக்கவசம் வாங்குங்கள், வீட்டிலேயே இரண்டு நாள் விளையாட்டாகப் போட்டுப் பழக்கிவிடுங்கள். டயப்பரை விட்டுக் கழிப்பறை பழகிக்கொண்டிருக்கிற குழந்தை என்றால் இன்னொரு சத்தம்: தானாகத் தண்ணீர் அடிக்கும் கழிப்பறைகள். உட்கார்ந்திருக்கும்போதே அது பெரும் ஓசையோடு அடித்தால், அதன் பிறகு எந்தக் கழிப்பறையிலும் உட்கார மறுப்பாள். ஒட்டும் குறிப்புத் தாள் ஒன்றைக் கொண்டுபோய் ஆள் இருப்பதைக் கண்டறியும் உணரியின் (சென்சார்) கண்மேல் ஒட்டிவிடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

நீர் விளையாட்டுப் பகுதி இருந்தால் நான் சொல்வதில் இதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கை எட்டும் தூரத்தில், கைபேசி இல்லாமல், ஒரு பெரியவர். நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையடிக்காது, சத்தமில்லாமல் நொடிகளில் முடிந்துவிடும். உயிர்காப்பாளர் இருக்கிறார், கையில் காற்றுப்பட்டை மாட்டியிருக்கிறோம் என்று தள்ளி உட்காராதீர்கள். அந்தக் காற்றுப்பட்டை விளையாட்டுப் பொருள்தான், பாதுகாப்புக் கருவி இல்லை. நான்கைந்து பெரியவர்கள் கூட இருக்கும்போதுதான் ‘அவர் பார்க்கிறார்’ என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். அதனால் இந்த அரை மணி நேரம் இன்னார் என்று பெயர் சொல்லிப் பொறுப்பைக் கொடுங்கள். நீச்சல் டயப்பர் மலத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், கிருமியைப் பிடிக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் குழந்தையை நீரில் இறக்காதீர்கள், அது மற்ற குழந்தைகளுக்குச் செய்யும் உதவி.

விளையாட்டுத் திடலில் சறுக்குமரமும் இருக்கும். தனியாக விட பயந்து மடியில் வைத்துச் சறுக்கினால் அவள் கால் எலும்பு முறியலாம் என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. சறுக்கும்போது செருப்பு நுனி பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும். தனியாக வந்தால் அவள் லேசான எடைக்கு அப்படியே நின்றுவிடுவாள். மடியில் இருந்தால் நம் எடை முழுவதும் பின்னாலிருந்து தள்ளும், கால் முறுக்கிக்கொள்ளும். அவளால் தனியே சறுக்க முடியாத சறுக்குமரம் அவளுக்கு இன்னும் பெரிது என்று விட்டுவிடுங்கள். சின்னதில் நீங்கள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து இறக்கலாம்.

காணாமல் போவது பற்றி நினைக்கவே பிடிக்காது, ஆனால் ஐந்து நிமிட ஏற்பாடு போதும். காலையில் வாசலில் நின்று அன்று போட்டிருக்கும் உடையோடு முழு உருவப் படம் ஒன்று எடுங்கள், செருப்பும் தெரியும்படி. பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்று கேட்டால் பெற்றோருக்கே நாக்கு எழாது, நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் கைபேசி எண்ணை அவள் முன்கையில் பேனாவால் எழுதி, மேலே திரவ பேண்டேஜ் (காயத்தின் மேல் பூசினால் காய்ந்து படலமாகும் திரவம்) தடவிவிட்டால் வியர்வையில் அழியாது. குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் பக்கத்தில் இருக்கும் நீர்நிலையைப் பாருங்கள், அதே நேரம் ஒருவர் ஊழியரிடம் சொல்லுங்கள். ‘கொஞ்சம் தேடிவிட்டுச் சொல்லலாம்’ என்று ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். எங்களுக்கு அதற்கென்று பயிற்சி உண்டு, எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

பொம்மை வேடம் போட்டவர்களிடம் போட்டோ எடுக்க அவளைத் தள்ளாதீர்கள். திரையில் உள்ளங்கை அளவு பார்த்தது நேரில் ஆறடி உயரத்தில், கண் சிமிட்டாமல் நிற்கும். பயப்படுவது இயல்பு. பத்தடி தள்ளி நின்று நீங்கள் கையசைத்துக் காட்டுங்கள். அவள் கையசைத்தால் அன்றைக்கு அது போதும். வேடத்துக்குள் இருப்பவர்களும் மண்டியிட்டு, தள்ளி நின்றே விளையாட்டுக் காட்டப் பழகியவர்கள்தான்.

கடைசியாகக் கிளம்பும் நேரம். அழ ஆரம்பித்த பிறகு கிளம்பினால் வாசல்வரை அழுகைதான். கண்ணைக் கசக்குவது, காதைத் தேய்ப்பது, காரணமில்லாமல் செருப்பைக் கழற்றி எறிவது என்று அவளுக்கென்று ஓர் அடையாளம் இருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது தெரிந்த உடனே கிளம்புங்கள், இன்னும் ஒரு சவாரி பாக்கி இருந்தாலும். திடீரென்று தூக்கிக்கொண்டு போகாமல், ‘குதிரைக்கு டாட்டா, ரயிலுக்கு டாட்டா’ என்று போகும் வழியில் இருப்பதற்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல வையுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆனால் என் சவாரிக்கு டாட்டா சொல்லிவிட்டுப் போன குழந்தைகள் பெரும்பாலும் வாசல் தாண்டும் முன்பே தோளில் சாய்ந்து தூங்கியிருப்பார்கள்.